கேசட்டில் வராத உறவு

நம் இல்லத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும்,

குழுவில் நான் வாய் திறந்து ரொம்ப நாளாகிறது. காலையில் பூப்படம் போடுகிறவர்கள் போடுகிறீர்கள், முழங்கால் வலிக்குத் தைலம் சொல்கிறவர்கள் சொல்கிறீர்கள். நான் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். பிள்ளைகள் என்று எழுதியதற்குச் சிரிக்காதீர்கள். நம்மில் பாதிப் பேர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் காப்பி குடிக்கிறோம். ஆனாலும் நமக்கு வேறு பொதுப்பெயர் யாரும் வைக்கவில்லை.

போன வாரம் நம் டீச்சர் போட்ட செய்திக்குத்தான் இந்தப் பதில். பார்க்காதவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். ஸ்பெயின் தேசத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். நாற்பது வயதைத் தாண்டியவள். நினைவு தெரிகிற வயதுக்கு முன்பே தொப்பூரில் நம் இல்லத்திலிருந்து தத்துப் போனவள். தன்னைப் பெற்ற அம்மாவைத் தேடுகிறாள். போனே மொழிபெயர்த்துக் கொடுத்த தமிழ் போலிருக்கிறது, "நான் என் தாயின் கையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று ஆரம்பிக்கிறது. கீழே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மொட்டைத் தலையில் முடி முளைத்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை, யாருடைய மடியிலோ உட்கார்ந்திருக்கிறது. மடிக்காரியின் முகம் இல்லை. குழந்தையின் வயிற்றை வளைத்துப் பிடித்திருக்கும் கை மட்டும் தெரிகிறது.

அம்மாவைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். இரண்டு சடை. கையில் புளிப்பு வாசனை. அந்த அம்மாவை மமா என்று கூப்பிட்டது. அந்தப் புளிப்பு என்னவென்று அவளுக்கு ரொம்ப காலம் தெரியவில்லையாம். பெரியவளான பிறகு ஒரு கடையில் புளியை எடுத்து மோந்து பார்த்தவள் அங்கேயே நின்று அழுதிருக்கிறாள்.

இதைப் படித்ததும் நீங்கள் எல்லோரும் துப்பறியக் கிளம்பிவிட்டீர்கள். நம் மரங்களில் புளி உலுக்க வந்த பொம்பளைகளில் ஒருத்தியாக இருக்கும் என்கிறாள் ஓசூர்க்காரி. இல்லை, சமையல்காரம்மாவின் தங்கை என்று ஒருத்தி வருவாளே, அவள்மேல்தான் சந்தேகம் என்கிறாள் பேக்கரிக்காரி. தொப்பூர்ப் பக்கம் போய் வயசானவர்களை விசாரிக்கலாம், வண்டி வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது.

யாரும் எங்கும் போக வேண்டாம். அந்தக் கை என்னுடையது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கும். கிணற்று ராட்டினத்தில் மாட்டி ஒடிந்த விரல் அது, உங்களுக்கே நினைவிருக்கும். குழந்தையின் வயிற்றின்மேல் இருப்பதால்தான் கை பெரிதாகத் தெரிகிறது. அன்றைக்கு அந்தக் கைக்குப் பதினோரு வயது.

இதை முதல் நாளே இரண்டு வரியில் எழுதியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அவளிடம் இருப்பது அந்த ஒரே ஒரு அம்மா ஞாபகம். அது அம்மா இல்லை, உன்னைப் போலவே அங்கே கிடந்த இன்னொரு பிள்ளை என்று எழுதினால், கையில் இருப்பதையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எழுதாமல் விட்டால் அவள் விமானம் ஏறி வந்து, புளி உலுக்கின பொம்பளைகளின் கையை எல்லாம் பிடித்துப் பார்த்துக்கொண்டு திரிவாள். ஒரு வாரமாக இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். எப்படி நடந்ததென்று முதலில் உங்களுக்குச் சொல்கிறேன். அவளுக்கு என்ன எழுதுவதென்று அப்புறம் பார்க்கலாம்.

நம் இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்ததே, வெளியில் சொன்னால் நம்ப மாட்டார்கள். பெரிய பெண்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு சின்னதைப் பங்கு வைத்துக் கொடுப்பார்கள். குளிப்பாட்டுவது, பேன் பார்ப்பது, களியை உருட்டி வாயில் போடுவது, பாயை நனைத்தால் அலசிப் போடுவது எல்லாம் பங்குக்காரியின் வேலை. பங்குப்புள்ள என்போம். "என் பங்குப்புள்ளைக்குக் காச்சல்" என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்களும் உண்டு. நல்ல குணமுள்ள பிள்ளை வாய்த்தவர்கள் அலட்டிக்கொள்வார்கள். எனக்கு வாய்த்தது யாருக்கும் வேண்டாதது.

லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலில் பெஞ்சின்மேல் யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தை அது. ஓட்டல்காரர் கொண்டுவந்து கொடுக்கும்போது அதன் உடம்பெல்லாம் சிரங்கு. வார்டனம்மா யாருக்குப் பங்கு வைப்பதென்று பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், நான் குனியத் தாமதித்துவிட்டேன். அப்படித்தான் அது என் பங்குக்கு வந்தது. வேப்பிலை போட்டுக் காய்ச்சின தண்ணீரில் குளிப்பாட்டி, மஞ்சள் பூசிப் பூசி, அந்தச் சிரங்கு ஆறுவதற்குள் நான் அதற்கு அடிமையாகிவிட்டேன். அதுவும் அப்படித்தான். வேறு யார் கூப்பிட்டாலும் போகாது. யார் ஊட்டினாலும் துப்பும். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு வாசல் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சின்னது என்றுதான் நான் கூப்பிடுவேன். அது என்னை அக்கா என்னும்.

எனக்கென்று ஆள் யாரும் இல்லை. நல்லம்பள்ளிச் சந்தைக்குப் போய்விட்டு வருகிறேன், அதுவரைக்கும் இங்கே இரு என்று சொல்லி என்னை விட்டுவிட்டுப் போனார் சித்தப்பா. அவர் இன்னும் சந்தையில்தான் இருக்கிறார். அம்மா, அப்பா, அத்தை, சித்தி எல்லாம் எனக்குச் சொற்களாகத் தெரியும், ஆட்களாகத் தெரியாது. உங்களிலும் முக்கால்வாசிப் பேருக்கு அதே கதைதான். அதனால் அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

அந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்திருந்தது. நம் மரங்களின் புளி போதாதென்று வியாபாரியும் மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் விட்டதும் நீளக் கொட்டகையில் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் கிழித்து, கொட்டை எடுப்போம். விரல் இடுக்கெல்லாம் கறுத்துப் பிசுபிசுக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் புளிப்பு போகாது. மேலே கணவாய் ஏறுகிற லாரிகள் முனகிக்கொண்டே போகும். இறங்குகிற லாரிகள் பிரேக் கருகின நாற்றத்தை விட்டுவிட்டுப் போகும். புளிப்பும் அந்தக் கருகலும் சேர்ந்த வாசனைதான் எனக்கு அந்தப் பருவம்.

அப்போதுதான் பார்சல் வந்தது.

பெரிய சிஸ்டர் ஸ்பெயின்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு தம்பதி குழந்தை கேட்டிருந்தார்கள். பெரிய சிஸ்டர் சின்னதைச் சொல்லியிருந்தார். எல்லாம் முடிவான பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பார்சலில் இரண்டு கவுன், ஒரு துணிப் பொம்மை, ஒரு கேசட். குழந்தை வந்து சேருவதற்குள் வீட்டு ஆட்களின் குரல் பழகட்டும் என்று குடும்பமே வரிசையாகப் பேசி அனுப்பியிருந்தது.

வராந்தாவில் டேப்ரெக்கார்டரை வைத்து, எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டார் பெரிய சிஸ்டர். முதலில் ஒரு ஆண் தொண்டையைச் செருமினார். "சோய் து பப்பா" என்றார். நான் உன் அப்பா என்று அர்த்தம் சொன்னார் பெரிய சிஸ்டர். அடுத்து ஒரு பெண். "சோய் து மமா." எல்லோரும் மாமாவா என்று சிரித்தோம். பெரிய சிஸ்டருக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. அந்தப் பெண் நிறையப் பேசினார். நடுவில் குரல் உடைந்து நின்று, மறுபடி பேசினார். தாத்தா தன் உறவுமுறையை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார், அபுவேலோ. பாட்டி அந்த மெஷினை நம்பவில்லை போலிருக்கிறது, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி "அபுவேலா" என்று கத்தினார். மாமனோ சித்தப்பனோ ஒருவர், தியோ. அவர் கடகடவென்று சிரித்தார். அவருடைய மகள் ஒரு வாண்டு, பிரிமா. கடைசியில் ஒரு நாய் குரைத்தது. அதற்கு உறவுமுறை எதுவும் சொல்லவில்லை.

நான் ஒரு குரலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"சிஸ்டர், அக்காவுக்கு என்னா சொல்லணுங்க?"

"எர்மானா."

"தங்கச்சிக்குங்க?"

"அதுவும் எர்மானாதான்."

"கேசட்டுல எர்மானா பேசவே இல்லீங்களே?"

"அங்கே எர்மானா இல்லையே" என்று சொல்லிவிட்டு அவர் கேசட்டைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்தார்.

அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்கு அது அப்படி விழவில்லை. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு இலை மட்டும் காலியாக இருந்தால் அது யாருக்காகவோ போட்டதுதானே. அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், நாய்கூட இருக்கிறது, அக்கா இல்லை. சின்னதுக்கு அக்கா நான்தான் என்பது ஊருக்கே தெரியும். அப்புறம் என்ன, என்னையும் சேர்த்துத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயம்.

மறுநாள் பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, குழந்தை உன் பேச்சைத்தான் கேட்கிறது, அந்தச் சொற்களை நீயே பழக்கிவிடு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னையும் பழக்குகிறார்கள் என்றே நினைத்தேன். இரண்டே நாளில் கேசட் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன், நாய் குரைத்ததையும் சேர்த்து.

ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எதிரே ஆள் இருந்தால்தானே அதற்குப் புரியும். அதனால் கொட்டகையில் நாங்களே ஆளாகிவிட்டோம். கரித்துண்டால் மீசை வரைந்துகொண்டு பப்பா ஆனது நம் பேக்கரிக்காரி. மறந்திருந்தால் ஞாபகப்படுத்திக்கொள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அபுவேலாவாகக் கத்தினது ஓசூர்க்காரி. டீச்சர் அப்போது பிரிமா. மமா ஆக யார் கூப்பிட்டும் சின்னது போகவில்லை. என்னிடம்தான் வந்தது. நான் மண்டிபோட்டுக் கையை விரித்து, நான் யாரு என்பேன். அது ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, மமா என்று சொல்லும். சொன்னால் ஒரு துண்டு கடலை மிட்டாய்.

நீங்கள் எல்லோரும் விளையாட்டு முடிந்ததும் மீசையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். சின்னதுக்கு அது விளையாட்டென்று தெரியாது. குளிக்கும்போது மமா, சோறு ஊட்டும்போது மமா, முழங்காலில் அடிபட்டால் மமா. அக்கா என்ற சொல்லே அதன் வாயிலிருந்து போய்விட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது சின்னச் சொல். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடியே வருவேன், அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே.

ஒருநாள் வார்டனம்மா கேட்டுக்கொண்டே போனார்.

"என்னாடி இது, உன் வவுத்துல பொறந்தவளாட்டம் கூப்புடறா?"

"பழக்கி வுடறேங்க."

"நல்லா பழக்குன போ. சரி வுடு, அந்தம்மா வந்தா தன்னால சரியாப்பூடும்."

அவர் சொன்னபடி எதுவும் தன்னால் சரியாகவில்லை. அந்த வயதில் போடுகிற முடிச்சு எத்தனை இறுகும் என்று அங்கிருந்த பெரியவர்கள் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது யோசித்தால் அவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கு உலை வைத்து, அத்தனை பேருக்கும் பேன் மருந்து வாங்கியவர்களுக்கு அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை.

ஸ்பெயினுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று தருமபுரிக்குக் கூட்டிப்போனார் வார்டனம்மா. ஸ்டூடியோவில் விளக்கைப் போட்டதும் சின்னது வீறிட்டது. ஸ்டூலில் உட்காராமல் என்னைக் கட்டிக்கொண்டது.

"பெரிய புள்ள மடியிலயே உக்காரட்டுங்க. தலை வராம எடுத்துக்கலாம்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அப்படித்தான் எடுத்தார். படம் வந்தபோது பார்த்தேன், என் முகம் இல்லை, கை இருந்தது. எனக்கு வருத்தமே இல்லை. அந்த வீட்டில் எல்லோரும் படத்தைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள், இந்தக் கை யாருடையது என்று யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார்கள், அப்போது பெரிய சிஸ்டர் என்னைப் பற்றி எழுதுவார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். யாரும் கேட்கவில்லை. இத்தனை காலம் கழித்துப் போன வாரம் ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

மாங்காய் பழுக்க ஆரம்பித்த சமயத்தில் அவர்கள் வந்தார்கள். அன்று காலையில் நான் தலைக்குக் குளித்து, இரட்டைச் சடை பின்னி, கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பாவாடையைக் கட்டிக்கொண்டேன். என் துணிகளை வயர் கூடையில் மடித்து வைத்து, மேலே சின்னதின் பழைய கவுனையும் வைத்திருந்தேன். வார்டனம்மா அலமாரிச் சாவி எடுக்க வந்தவர் கூடையைப் பார்த்தார்.

"எங்கடி கெளம்பற?"

அவர் கூடையையும் என் சடையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"உன்ன அவங்க கேக்கலடி" என்றார். கூடையை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, என் கன்னத்தை ஒரு தடவை தடவிவிட்டுப் போனார். அந்த வார்டனம்மா யாரையும் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பெரிய சிஸ்டருக்கு இது கடைசிவரை தெரியாது. வார்டனம்மா சொல்லியிருக்க மாட்டார்.

கார் வந்து நின்றது. அந்த மனிதர் நெடுநெடுவென்று உயரம், கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. அந்த அம்மா காரிலிருந்து இறங்கும்போதே அழுதுகொண்டுதான் இறங்கினார். நல்ல முகம். நல்ல முகமாக இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரம். எங்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். சின்னதைப் புதுக்கவுனில் முன்னால் நிறுத்தினார்கள். அந்த அம்மா புழுதியிலேயே மண்டிபோட்டு, இரண்டு கையையும் விரித்து, நாங்கள் கொட்டகையில் விளையாடினது மாதிரியே நின்றார். மமா, மமா என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

சின்னது அவரையே பார்த்தது. அதற்கு விளையாட்டு புரிந்துவிட்டது. திரும்பிப் பிள்ளைகளுக்கு நடுவில் புகுந்து ஓடி வந்து, என் கழுத்துக்கு எட்டாமல் பாவாடையைக் கட்டிக்கொண்டு, சத்தமாகச் சொன்னது, மமா. சொல்லிவிட்டுக் கடலை மிட்டாய்க்குக் கையை நீட்டியது.

எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும்தான். பெரிய சிஸ்டர் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த அம்மாவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எழுந்து வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

குழந்தை பழகட்டும் என்று சில நாள் விருந்தினர் அறையில் தங்கினார்கள். நானும் கூடவே இருக்க வேண்டும் என்று உத்தரவு. சின்னது என்னைப் பார்த்து மமா என்னும்போதெல்லாம் பெரிய சிஸ்டர் என்னைப் பார்ப்பார்.

"சொல்லு. நான் மமா இல்லை, அதோ அவங்கதான் மமான்னு சொல்லு."

நான் சின்னதின் முகவாயைப் பிடித்து அந்த அம்மா பக்கம் திருப்புவேன். கை அதைச் செய்யும், வாய் திறக்காது. பெரிய சிஸ்டர் எத்தனையோ முறை சொன்னார். ஒரு முறைகூட நான் சொல்லவில்லை.

கிளம்புகிற நாள் நான் கண்ணில் பட்டால் குழந்தை கலாட்டா செய்யும் என்று முடிவுசெய்தார்கள். புளி ரூமில் போய்க் கொஞ்ச நேரம் இரு என்றார் வார்டனம்மா. நான் போனேன். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. கொட்டை எடுத்த புளியைத் தட்டித் தட்டிக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். மூச்சு முட்டுகிற புளிப்பு. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் சின்னதின் குரல், மமா, மமா என்று. என்னைத்தான் தேடுகிறது என்று எனக்குத் தெரியும். காருக்குள்ளிருந்து அந்த அம்மா சந்தோஷமாகப் பதில் சொன்னார். என்னவோ கொஞ்சிக் கொஞ்சிச் சொன்னார். தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்திருப்பார், பாவம். அது திரும்பத் திரும்பக் கூப்பிட, இவர் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல, கார் மேடேறி ரோட்டுக்குப் போய், லாரிச் சத்தத்தில் கலந்துவிட்டது.

பெரிய சிஸ்டர்தான் வந்து தாழ்ப்பாளைத் திறந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சின்னக் குழந்தை. ஒரு மாசத்துல எல்லாம் மறந்துடும். நீயும் மறந்துடணும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் சொன்னதில் இரண்டுமே நடக்கவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு நம் பாட்டைப் பதிவுசெய்ய வேறு கேசட் இல்லாமல் அந்தக் கேசட்டின் மேலேயே எடுத்தார்கள். பாட்டெல்லாம் முடிந்து ஆஃப் செய்கிறதுக்குள் நாடாவின் ஓரத்தில் மிச்சமிருந்த அந்தப் பாட்டி ஒரு தடவை "அபுவேலா" என்று கத்துவார். எல்லோரும் சிரிப்பீர்கள். நான் அதற்காகவே பாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருப்பேன். அப்புறம் அந்தக் கேசட்டும் எங்கேயோ போய்விட்டது. எனக்கு வேறு சின்னதைப் பங்கு வைத்தார்கள். குளிப்பாட்டினேன், பேன் பார்த்தேன், அவ்வளவுதான். புளி தட்டும்போது வாய்க்குள்ளேயே வரிசையாகச் சொல்லிக்கொள்வேன். பப்பா, மமா, அபுவேலோ, அபுவேலா, தியோ, பிரிமா. கடைசியில் எர்மானா என்று நானே சேர்த்துக்கொள்வேன். உலகத்தில் அந்தச் சொற்களைச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு ஆள் கிடையாது. ஆனால் அத்தனையும் எனக்குத் தெரியும்.

என் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தேன். கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. பிள்ளை இல்லை. இப்போது அதியமான்கோட்டையில் ரோட்டோரம் ஒரு பேக்கரிக்கு மேலே மாடி அறை. தெருவுக்கே நான் அக்கா. பால்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை அக்கா. அம்மா என்று கூப்பிடுகிறவர் காய்கறி வண்டிக்காரர் ஒருத்தர்தான். அவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். சில நாள் தேவையில்லாமல் கத்தரிக்காய் வாங்கியிருக்கிறேன், அதற்காகவே.

அதனால் போன வாரம் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எங்கேயோ ஒரு தேசத்தில் ஒருத்தி நாற்பது வருஷமாக என்னை அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு நாள் நான் அதை அனுபவித்தேன், பொய் சொல்ல மாட்டேன். படத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். இருந்தால் அவளுக்கு ஒரு அம்மா இருப்பாள், எனக்கும் ஒரு பிள்ளை இருக்கும், ரெண்டு பேரும் ரெண்டு தேசத்தில் சாகலாம். அப்புறம் நீங்கள் வாடகை வண்டி பேச ஆரம்பித்ததும் பயந்துவிட்டேன். எவளோ ஒரு கிழவியைப் பிடித்து, இவள்தான் என்று அவள் முன்னால் நிறுத்திவிடுவீர்கள். நம் பிள்ளைகள் நல்லவர்கள், நல்லது செய்கிறேன் என்று எதையும் செய்வீர்கள்.

டீச்சர், உனக்கு இங்கிலீஷ் வரும், நீயே எழுது. இப்படி எழுது. அவளைப் பெற்றவள் யாரென்று நம் யாருக்கும் தெரியாது. ஓட்டல் பெஞ்சின் கதையை ஒளிக்காமல் எழுது, அவளுடைய கதை அது, அவளுக்குத் தெரிய வேண்டும். அப்புறம், படத்தில் இருக்கிற கைக்காரி உயிரோடு இருக்கிறாள், சுண்டுவிரல் இன்னும் வளைந்துதான் இருக்கிறது என்று எழுது. அவள் உன் அம்மா இல்லை, உன்னைப் பங்குக்கு வாங்கின இன்னொரு பிள்ளை, அப்போது அவளுக்குப் பதினோரு வயது என்று எழுது. உன் வீட்டுக் கேசட்டில் எர்மானா மட்டும் பேசவில்லை, அது அவள்தான் என்றும் எழுது. வேண்டுமானால் நீயும் பிரிமா என்று கையெழுத்துப் போட்டுக்கொள்.

படித்துவிட்டு அவள் அழுதாலும் அழுவாள், ஏமாந்து போனேன் என்று விட்டுவிட்டாலும் விட்டுவிடுவாள். வருகிறேன் என்று சொன்னால், பஸ் ஸ்டாப்பில் இறங்கி பேக்கரி மாடி என்று கேட்கச் சொல், யாரும் காட்டுவார்கள். வந்து என்னை எர்மானா என்று கூப்பிட்டால் சரிதான், உண்மை அதுதான். பழைய ஞாபகத்தில் மமா என்று கூப்பிட்டாலும் நான் திருத்தப் போவதில்லை. பெரிய சிஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லு சொல்லு என்று அத்தனை முறை சொன்னாரே, அன்றைக்கே நான் திருத்தவில்லை.